வலி இருக்கிறது, ஆனால் படுத்தவில்லை: நரம்பு வலியும் மூளையின் ஓபியாய்டுகளும்

அபினிலிருந்து வரும் வலி நிவாரணியான மார்ஃபின் கொடுக்கப்பட்ட நோயாளியிடம் சிறிது நேரம் கழித்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "வலி அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அது என்னைப் படுத்தவில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. பல தலைமுறை மருத்துவர்கள் கேட்டுவந்திருக்கும் பதில் இது. கேட்ட மாத்திரத்தில் முரணாகத் தோன்றினாலும், மூளை வலியை எப்படிக் கையாள்கிறது என்பதைப் பற்றி இதைவிடத் துல்லியமாக ஒரு நோயாளி சொல்லிவிட முடியாது என்றே நான் கருதுகிறேன். ஆண்டுக்கணக்கில் நீளும் நரம்பு வலியைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வலி எங்கே இருக்கிறது, எவ்வளவு கடுமையாக இருக்கிறது, எரிகிறதா குத்துகிறதா என்பதையெல்லாம் கணக்கிடும் மூளைப் பகுதிகள் வேறு. அந்த வலி எவ்வளவு தாங்க முடியாததாக, வெறுக்கத்தக்கதாக இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் பகுதிகள் வேறு. முதல் வேலையில் தாலமஸின் பக்கவாட்டுப் பகுதியும் உடலுணர்வுப் புறணியும் முக்கியமானவை. இரண்டாவது வேலையில் முன்புறச் சிங்குலேட் புறணி, இன்சுலா, அமிக்டலா ஆகியவை ஈடுபடுகின்றன. இந்தப் பிரிவினை வெறும் ஊகம் அன்று என்பதை மான்ட்ரியாலில் பியர் ரெய்ன்வில்லும் அவருடைய குழுவினரும் 1997ஆம் ஆண்டு அழகாகக் காட்டினார்கள். தன்னார்வலர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, அறிதுயில் நிலையில் அவர்களிடம் வலியின் வேதனை கூடுகிறது அல்லது குறைகிறது என்று சொன்னார்கள். நீரின் வெப்பம் மட்டும் மாறவே இல்லை. சொல்லுக்கு ஏற்ப வேதனை ஏறி இறங்கியபோது முன்புறச் சிங்குலேட்டின் செயல்பாடும் அதனுடன் சேர்ந்து ஏறி இறங்கியது. உடலுணர்வுப் புறணி ஏறக்குறைய அப்படியே இருந்தது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இனி வருபவை விளங்கும்.

நரம்பு வலி சாதாரண வலியைப் போன்றதன்று. விரலை வெட்டிக்கொண்டால் காயம்பட்ட திசு செய்தி அனுப்புகிறது, நரம்பு அதைக் கொண்டுசெல்கிறது. நரம்பு வலியிலோ, செய்தி கொண்டுசெல்ல வேண்டிய நரம்பே பழுதடைந்து, இல்லாத காயத்தைப் பற்றித் தானாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோயில் பாதங்களில் வரும் எரிச்சல், அக்கி ஆறிய பின்னும் விலாவில் நிற்கும் வலி, பக்கவாதத்துக்குப் பின் உடலின் ஒரு பாதியில் தோன்றும் வலி, துண்டிக்கப்பட்ட காலில் உணரப்படும் வலி ஆகிய அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் குண்டு நரம்பைத் தாக்கிய வீரர்களை ஃபிலடெல்ஃபியாவில் கவனித்த சைலஸ் வியர் மிட்செல், காயம் ஆறிய கையில் நெருப்பு எரிவதுபோல் அவர்கள் துடித்ததையும், கையை ஈரத்துணியில் சுற்றியே வைத்திருந்ததையும், பக்கத்தில் யாராவது நடந்தால் எழும் அதிர்வைக்கூடப் பொறுக்க முடியாமல் தவித்ததையும் எழுதிவைத்திருக்கிறார். அந்த விவரிப்பைப் படிக்கும்போது எனக்கு என் பெரியம்மாதான் நினைவுக்கு வருவார். அக்கி ஆறித் தோல் முழுவதும் பழைய நிலைக்கு வந்த பிறகும், இடது விலாவில் ரவிக்கைத் துணி உரசினாலும் மின்விசிறியின் காற்று பட்டாலும் அவர் சுருண்டுபோவார். புண்ணே இல்லாத இடத்தில் என்ன வலி என்று வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் தண்டுவடத்தில் இருந்தது. பழுதடைந்த நரம்பிழைகள் ஓயாமல் சைகை அனுப்பும்போது, அவற்றைப் பெறும் தண்டுவட நரம்பணுக்கள் தம் உணர்திறனைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. கிளிஃபோர்ட் உல்ஃப் 1983ஆம் ஆண்டு இதை முதன்முதலில் காட்டினார். அதற்குப் பிறகு வெறும் தொடுகையைக் கொண்டுவரும் இழைகளும் வலிப் பாதையைத் தூண்டிவிடுகின்றன. போதாக்குறைக்கு, தண்டுவடத்தின் தற்காப்பு அணுக்களான மைக்ரோகிளியா வெளியிடும் ஒரு புரதம், நரம்பணுக்களுக்குள் குளோரைடு அயனிகளின் சமநிலையைக் குலைத்துவிடுகிறது. அதனால் இயல்பாகத் தடுப்பாக வேலை செய்ய வேண்டிய சைகை வலுவிழக்கிறது. சில அணுக்களில் அதுவே தூண்டுதலாகவும் மாறிவிடுகிறது. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பு, நரம்பு வலி ஏன் இவ்வளவு பிடிவாதமானது என்பதற்குக் கிடைத்த மிகத் தெளிவான விளக்கங்களுள் ஒன்று.

ஆனால் கதை தண்டுவடத்தோடு முடிவதில்லை. தண்டுவடத்திலிருந்து மூளைக்குச் செய்தி ஏறுவதைப் போலவே, மூளையிலிருந்து தண்டுவடத்துக்குக் கட்டளைகள் இறங்குகின்றன. வலிச் செய்தியை உள்ளே விடவும் தடுக்கவும் தண்டுவடத்தில் ஒரு வாயில் உண்டு என்று மெல்சாக்கும் வாலும் 1965ஆம் ஆண்டு முன்வைத்த வாயில் கோட்பாட்டிலேயே இந்த இறங்குபாதைக்கு இடம் இருந்தது. 1969ஆம் ஆண்டு டேவிட் ரெனால்ட்ஸ், எலிகளின் நடுமூளையில், மூளைநீர் செல்லும் நுண்குழாயைச் சுற்றியுள்ள சாம்பல்நிறப் பகுதியை மின்சாரத்தால் தூண்டிவிட்டு, மயக்க மருந்து எதுவும் தராமலே வயிற்றில் அறுவை செய்து காட்டினார். எலிகள் விழித்திருந்தன, ஆனால் வலியால் துடிக்கவில்லை. உயிருள்ள மூளைக்குள்ளேயே வலியை அணைக்கும் வசதி இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவற்றை இன்று படித்தாலும் உள்ளம் கிளர்ந்தெழுகிறது. அபினிலிருந்து வரும் மருந்து வேலை செய்ய மூளையில் ஒரு பூட்டு, அதாவது ஏற்பி, இருக்க வேண்டும் என்பது பலருடைய ஊகம். 1973ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமனும், ஸ்வீடனில் லார்ஸ் டெரீனியஸும் அந்த ஏற்பிகள் இருப்பதைத் தனித்தனியே நிறுவினார்கள். கசகசாச் செடியின் பாலுக்காக மனித மூளை ஏற்பிகளை வைத்திருக்க முடியாது. உடலே ஏதோ ஒன்றை உற்பத்தி செய்ய வேண்டும். 1975ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்சும் பன்றி மூளையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே, ஓபியாய்டுகளை, அதாவது இந்த ஏற்பிகளில் பொருந்தி வேலை செய்யும் பொருள்களை, முறியடிக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால், நடுமூளையைத் தூண்டுவதால் கிடைக்கும் வலி நிவாரணம் ஓரளவு குறைகிறது என்று ஹூடா அகில் முதலியோர் காட்டியபோது, ரெனால்ட்ஸின் எலிகள் வலியின்றி இருந்ததில் அவற்றின் சொந்த ஓபியாய்டுகளுக்கும் பங்கு இருந்தது என்பது தெளிவாயிற்று.

நடுமூளையின் அந்தப் பகுதி தண்டுவடத்துடன் நேரடியாகப் பேசுவது மிகக் குறைவு. மூளைத்தண்டின் கீழ்ப் பகுதியான முகுளத்தில் உள்ள ஒரு நரம்பணுக் கூட்டத்தின் வழியாகவே பெரும்பாலும் பேசுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஹோவர்ட் ஃபீல்ட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் அங்கே ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வகை அணுக்களைக் கண்டறிந்தார்கள். ஒரு வகை, எலி வலியால் வாலை இழுப்பதற்குச் சற்று முன் சுறுசுறுப்பாகிறது; மற்றொரு வகை அதே கணத்தில் அடங்கிவிடுகிறது. முன்னதை ஏற்றும் அணுக்கள் என்றும் பின்னதை அணைக்கும் அணுக்கள் என்றும் அழைக்கலாம். மார்ஃபின் ஏற்றும் அணுக்களை நேரடியாக அடக்குகிறது. அணைக்கும் அணுக்களை அது நேரடியாகத் தூண்டுவதில்லை. அவற்றைக் கட்டிப்போட்டிருக்கும் தடுப்புச் சைகையை நீக்குகிறது. ஆக, மூளைத்தண்டில் ஓபியாய்டுகள் செய்வது பெரும்பாலும் தடையைத் தடுக்கும் வேலைதான்.

இப்போது நரம்பு வலிக்கு வருவோம். இறங்குபாதை வலியைக் குறைக்க மட்டுமே இருக்கிறது என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். அரிசோனாவின் டூசான் நகரில் ஃபிராங்க் போரெக்காவின் ஆய்வகம் செய்த சோதனைகளில், நரம்பை இறுகக் கட்டி நரம்பு வலி உண்டாக்கப்பட்ட எலிகளின் முகுளத்தில் உணர்வு நீக்கும் லிடோகைனைச் செலுத்தியபோது, முதல் சில நாள்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதன் பிறகு செலுத்தியபோது வலி மறைந்தது. அதாவது, நரம்பு வலி தொடங்குவதற்கு மூளைத்தண்டின் உதவி தேவையில்லை, ஆனால் அது நிலைத்து நிற்பதற்குத் தேவைப்படுகிறது. மார்ஃபின் முதன்மையாகப் பொருந்தும் ஓபியாய்டு ஏற்பியான மியூ ஏற்பியைக் கொண்ட முகுள அணுக்களை மட்டும் அழித்துவிட்ட எலிகளிலும், நரம்பு காயப்பட்டவுடன் வலி தோன்றியது, ஆனால் நீடிக்கவில்லை. இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஒரே காயம் பட்டும் சில எலிகளுக்கு நாட்பட்ட வலி வருவதில்லை. அவற்றின் முகுளத்தைச் செயலிழக்கச் செய்தால், அதுவரை மறைந்திருந்த வலி வெளியே வருகிறது. ஒரே அக்கி இரண்டு பேருக்கு வந்து, ஒருவர் மூன்று வாரத்தில் மறந்துவிட, மற்றவர் மூன்று ஆண்டுகள் அவதிப்படுவதற்கு இதில் ஒரு பகுதி விளக்கமாவது இருக்கிறது. அவதிப்படுகிறவரின் மன உறுதியில் குறை தேடுகிற நம் பழக்கத்துக்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை.

இந்த இறங்குபாதையின் வலிமையை மனிதரிடமும் அளக்கலாம். ஒரு கைக்கு வலி தந்து, அப்போது உடலின் வேறோர் இடத்தில் வலி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது ஒரு வழி. இஸ்ரேலில் டேவிட் யார்னிட்ஸ்கி 2012ஆம் ஆண்டு சர்க்கரை நோயால் நரம்பு வலி வந்தவர்களிடம் இதைச் செய்து, யாரிடம் இந்தக் குறைப்பு பலவீனமாக இருக்கிறதோ அவர்களுக்கே டுலோக்செடின் மாத்திரை அதிகம் பயன்படுகிறது என்று காட்டினார். இறங்குபாதையின் மற்றொரு முக்கிய வேதிப்பொருளான நார்அட்ரினலினைத் தண்டுவடத்தில் கூட்டும் மருந்து அது. மனச்சோர்வுக்கான மாத்திரையை வலிக்கு ஏன் எழுதுகிறார்கள் என்று மனம் நோகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுவே. அமிட்ரிப்டிலினும் டுலோக்செடினும் மனநிலையை மாற்றி வலியைக் குறைப்பதில்லை. மூளை தண்டுவடத்துக்கு அனுப்பும் அணைக்கும் கட்டளைக்கு வலுச் சேர்க்கின்றன.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எலியிடம் "வலி படுத்துகிறதா" என்று எப்படிக் கேட்பது? காலைத் தொட்டால் இழுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது வெறும் அனிச்சைச் செயல். வேதனையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. போரெக்காவின் குழு 2009ஆம் ஆண்டு இதற்கு ஒரு நேர்த்தியான வழியைக் கண்டது. இரண்டு அறைகள். ஓர் அறையில் இருக்கும்போது எலியின் தண்டுவடத்தில் வலி நிவாரணி செலுத்தப்படுகிறது. மற்றோர் அறையில் வெறும் உப்புநீர். மறுநாள் எலியைத் தன் விருப்பப்படி விட்டால், நரம்பு காயப்பட்ட எலி நிவாரணம் கிடைத்த அறையைத் தேடிப்போகிறது. காயம் இல்லாத எலிக்கு அந்த அறையில் எந்த ஈர்ப்பும் இல்லை. யாரும் தொடாதபோதும் அந்த எலிக்கு வலி இருந்துகொண்டே இருந்தது என்பதையும், வலி நீங்குவதே அதற்கு ஒரு பரிசாக இருந்தது என்பதையும் இந்தச் சோதனை ஒருங்கே காட்டிவிட்டது.

2015ஆம் ஆண்டு எடிடா நவ்ராடிலோவாவும் போரெக்காவும் இதே முறையில் மார்ஃபினை முன்புறச் சிங்குலேட்டில் மட்டும் மிகச் சிறிய அளவில் செலுத்தினார்கள். காலைத் தொட்டால் எலி முன்போலவே வெடுக்கென்று இழுத்துக்கொண்டது; உணர்திறன் சிறிதும் குறையவில்லை. ஆனால் அது அந்த அறையை நாடியது. மூளையின் பரிசுப் பகுதியான நியூக்ளியஸ் அக்கும்பென்ஸில் டோபமைன் சுரந்தது. வலி இருக்கிறது, ஆனால் படுத்தவில்லை என்று நோயாளிகள் சொல்வதை எலி தன் கால்களால் நடந்துபோய்ச் சொல்லிவிட்டது. இதைவிட வியப்பானது இதன் எதிர்ச் சோதனை. தண்டுவடத்தில் வேறு மருந்தால் வலியை நீக்கும்போது, முன்புறச் சிங்குலேட்டில் எலியின் சொந்த ஓபியாய்டுகளைத் தடுத்துவிட்டால், எலிக்கு நிவாரண உணர்வு கிடைப்பதில்லை. பின்னர், நரம்பு வலிக்குத் தரப்படும் காபாபென்டின் என்ற மருந்திலும் இதுவே காணப்பட்டது. ஓபியாய்டு அல்லாத மருந்து தரும் நிம்மதிக்குக்கூடக் கடைசிக் கண்ணி மூளையின் சொந்த ஓபியாய்டுதான்.

சொந்த ஓபியாய்டு என்றவுடன், அது நரம்பு வலிக்காரர்களிடம் என்னவாகிறது என்ற கேள்வி எழுகிறது. பிரான்சின் லியோனில் ஜோசப் மார்ராவி முதலியோர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட மூளைப் படங்களில், பக்கவாதம் போன்ற மூளைக் காயத்தால் வலி வந்தவர்களுக்கு, வலிக்கு எதிர்ப்பக்க மூளையில் ஓபியாய்டு ஏற்பிகளின் இருப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. புற நரம்பு பழுதானவர்களுக்கு இரு பக்கமும் சம அளவில் குறைந்திருந்தது. இரண்டாவது வகையில் ஏற்பிகள் அழிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தொடர் வலியோடு போராட மூளை தன் ஓபியாய்டுகளை ஓயாமல் வெளியிட்டு அந்த ஏற்பிகளை நிரப்பிவைத்திருக்கலாம். எப்படியாயினும், வெளியிலிருந்து வரும் மருந்துக்கு அங்கே மிச்சமிருக்கும் இடம் குறைவு.

நரம்பு வலியில் மார்ஃபின் ஏன் எதிர்பார்த்த அளவு கைகொடுப்பதில்லை என்பதற்கு இது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு: காயப்பட்ட நரம்பிலும் அதன் தண்டுவட முனையிலும் மியூ ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன; நீண்ட நாள் எடுத்தால் மருந்துக்கு உடல் பழகிவிடுகிறது; சிலருக்கு ஓபியாய்டே வலியுணர்வைக் கூர்மையாக்கிவிடுகிறது. 2015ஆம் ஆண்டு சர்வதேச வலி ஆய்வுச் சங்கத்தின் நரம்பு வலிக் குழு எல்லாச் சோதனைகளையும் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த எண்கள் கவனத்துக்குரியவை. அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளை 3.6 பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேலாக ஒருவருக்குக் கணிசமான நிவாரணம் கிடைக்கிறது; வீரியமான ஓபியாய்டுகளுக்கு அந்த எண் 4.3, காபாபென்டினின் இனமான ப்ரீகாபலினுக்கு 7.7. எண் சிறிதானால் பயன் பெரிது; அதை மட்டும் பார்த்தால் ஓபியாய்டு ப்ரீகாபலினைவிட மேலானது. ஆயினும் அந்தக் குழு அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், காபாபென்டின், ப்ரீகாபலின் ஆகியவற்றை முதல் வரிசையிலும், வீரியமான ஓபியாய்டுகளை மூன்றாவது வரிசையிலும் வைத்தது. சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்கள் மட்டுமே நடந்தவை; நோயோ ஆண்டுகள் நீள்வது; அடிமையாதலும் மூச்சடங்கலும் அந்த ஆண்டுகளில் நேர்பவை. இந்த வரிசையை நான் முழுமையாக ஏற்கிறேன்.

மூச்சடங்கலும் ஒரு மூளைச் சுற்றின் கதைதான். வலியை அடக்கும் அதே மியூ ஏற்பி, மூச்சின் தாளத்தை இயக்கும் மூளைத்தண்டு அணுக்களிலும் இருக்கிறது. ஒன்றைத் தொட்டு மற்றொன்றைத் தொடாமல் விடும் வித்தை மார்ஃபினுக்குத் தெரியாது. காபாபென்டினையோ ப்ரீகாபலினையோ ஓபியாய்டுடன் சேர்த்து எடுப்பவர்களுக்கு, அதிலும் முதியவர்களுக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும், மூச்சு ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2019ஆம் ஆண்டு எச்சரித்தது. நம் ஊரில் நரம்பு வலிக்கு டிரமடாலும் ப்ரீகாபலினும் ஒரே சீட்டில் எழுதப்படுவது அரிதன்று. டிரமடாலும் ஓபியாய்டுதான் என்பதை வாங்குகிற பலரும் அறிந்திருப்பதில்லை. இந்த மருந்துகளை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அச்சத்தில் தாமாகவே திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைத் தொடர்ந்து நாட்பட்ட வலிக்கெல்லாம் ஓபியாய்டு எழுதப்பட்டதும், அதற்கு ஆதரவாக அடிமையாதல் அரிது என்று 1980ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் வந்த ஒரு பத்திக் கடிதம் நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டதும் பலரும் அறிந்தவை. அந்தக் கடிதம் மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகளைப் பற்றியது. வீட்டில் ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கும் இந்த நாட்டில், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு புற்றுநோயாளிகளுக்குக்கூட மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கட்டுகளை ஓரளவு தளர்த்தியது. மூன்றாவது வரிசை என்ற சொல்லைக் காட்டிப் புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு மார்ஃபினை மறுப்பது கொடுமை. அந்த வரிசை நரம்பு வலிக்கு மட்டுமே உரியது.

வருங்காலத்தில் எதை எதிர்பார்க்கலாம்? 2019ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் கிரிகரி கோர்டர் முதலியோர், சுண்டெலியின் அமிக்டலாவில் வலியின் வேதனையை மட்டும் சுமக்கும் ஒரு நரம்பணுக் கூட்டத்தைக் கண்டறிந்தார்கள். அதை அடக்கியபோது எலி வலித் தூண்டலை உணர்ந்து காலை இழுத்தது. ஆனால் காலை நக்குவதும் தூண்டலிலிருந்து தப்பி ஓடுவதும் குறைந்தன. பென்சில்வேனியாவில் இப்போது இயங்கும் அவருடைய ஆய்வகம், முன்புறச் சிங்குலேட்டில் மியூ ஏற்பி உள்ள அணுக்களை மட்டும் மரபணு வழியாக அடக்கி, மார்ஃபின் அங்கே செய்வதை மார்ஃபின் இல்லாமலே செய்யப் பார்க்கிறது. மூச்சுத் தாளத்தையும் போதையின் பாதையையும் தொடாமல் வேதனையை மட்டும் இறக்கிவைக்க முடியுமானால் அது பெரும் பேறு. சுண்டெலியிலிருந்து மனிதருக்கு வரும் தூரம் மிக நீண்டது என்பதையும் நான் மறக்கவில்லை.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு மருந்துச் செலவும் இல்லை. வலிக்கு பூஜ்யம் முதல் பத்து வரை எண் கேட்கும் மருத்துவர்கள், வலி எவ்வளவு என்ற எண்ணோடு, அது எவ்வளவு படுத்துகிறது என்ற எண்ணையும் தனியாகக் கேட்கலாம். ரெய்ன்வில் தம் தன்னார்வலர்களிடம் இரண்டையும் பிரித்தே கேட்டார். அதனால்தான் அவருக்கு அந்த விடை கிடைத்தது. இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் தொடங்கிச் சில வாரங்கள் ஆன பின் பெரியம்மாவிடம் நான் கேட்டபோது, "வலி அப்படியேதான் இருக்குடா, ஆனா ராத்திரி அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்குத் தூங்கறேன்" என்றார். வலியின் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளும் சீட்டில் அந்த மருந்து தோற்றுப்போனதாகவே பதிவாகியிருக்கும்; அடுத்த முறை மருந்தை மாற்றியும் இருப்பார்கள். இரண்டாவது எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டதால் அதே மாத்திரை தொடர்ந்தது.